பாதையில் போட்ட குரவை

பரீனா குரவை போட்டால் ஏறாவூரில் மூன்று தெருவுக்குக் கேட்கும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வாசலில் இறங்கும்போது பெண்கள் அவளைத்தான் தேடுவார்கள். "றாத்தா, நீங்க தொடங்குங்க" என்பார்கள். அவள் எடுத்துக் கொடுத்த பிறகுதான் மற்றவர்களுக்கு நாக்குப் புரளும். அறுபது கடந்தும் அந்தத் தொண்டை தேயவில்லை. அதே தொண்டை ஒருநாள் தன்னைச் சுகாதாரப் பணிமனையில் டொக்டரின் மேசைக்கு முன்னால் கொண்டுபோய் இருத்தும் என்று அவள் நினைத்ததில்லை.

பரீனா குவைத்துக்கு வேலைக்குப் போனபோது மகள் றுக்ஷானா பால் மறந்திருக்கவில்லை. அங்கே படுக்கையில் கிடந்த ஒரு கிழவியைக் குளிப்பாட்டி, புரட்டிப் போட்டு, புண் வராமல் பார்த்து, கடைசியில் கண்ணையும் மூடிவிட்டாள். இடையில் ஊருக்கு வந்த நேரம் பராமரிப்பாளர் பயிற்சி எடுத்தால்தான் திரும்பப் போகலாம் என்றார்கள். எடுத்தாள். நோயாளியை எப்படித் தூக்குவது, மூச்சை எப்படிக் கவனிப்பது, பச்சைப் பிள்ளையை எப்படிச் சூட்டில் வைப்பது என்று படிப்பித்தார்கள். அந்தச் சான்றிதழ் அலுமாரியில் சீலைகளுக்கு அடியில் கிடக்கிறது. அவள் அனுப்பியதையெல்லாம் தின்று முடித்த புருஷன் ஓட்டமாவடியில் இன்னொரு வீடு பார்த்துக்கொண்டு போனான். பரீனா அழுதாளா என்று அக்கம்பக்கத்தில் கேட்டால், அடுத்த கிழமையே வீடு வீடாய் விற்கச் சீலை மூட்டை கட்டினாள் என்று சொல்வார்கள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில்தான் அவளுக்கு வியாபாரம். வாவியை யாரும் வாவி என்று சொல்வதில்லை, ஆறு என்பார்கள். அதைக் கடக்கப் பாலம் இல்லை. பாதைதான் உண்டு. இரண்டு இரும்பு மிதவைக்கு மேல் பலகை அடித்து, மனிதரையும் மோட்டார் சைக்கிளையும் பால் கேனையும் ஒன்றாக ஏற்றுகிற மிதவைக்கு அங்கே பாதை என்று பெயர். முன்பு அதற்கு இயந்திரம் இருந்தது. பாதைக் குத்தகைக்காரர் நல்லரத்தினம் பழுதென்று சொல்லிக் கழற்றிக்கொண்டு போய்த் தன்னுடைய மண் வள்ளத்தில் பூட்டிவிட்டார். வள்ளம் ஆற்று மண்ணை அள்ளிக்கொண்டு கண்ணுக்கு முன்னால்தான் ஓடும். பாதையைக் கரைக்குக் கரை கட்டிய கயிற்றில் கையால் இழுப்பார்கள். நல்லரத்தினம் படுவான்கரையிலுள்ள இலுப்பைத்துறைக் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவரும்கூட. அதனால் ஊரில் யாரும் வாய் திறப்பதில்லை.

பரீனா மட்டும் திறப்பாள்.

"என்ன றாத்தா, மூட்டை பெருசாக் கிடக்கு? பாதை தாழப் போகுது" என்பான் கயிறு இழுக்கிற இராசதுரை.

"தாழ்ந்தா ஒன்ட தலைவர்ர மானமும் சேந்து தாழட்டும். மெசினப் பூட்டச் சொல்லு. நீ என்ன எருத்து மாடா, நாள் முழுக்க இழுக்க?"

"மாட்டுக்கெண்டா வைக்கோலாவது போடுவாங்கள் றாத்தா."

சிரித்துக்கொண்டே கரை சேர்வார்கள். மார்கழி மாதத்து அந்தப் பின்னேரம் மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

மழை விட்டிருந்தது, வாடைக் காற்று விடவில்லை. பரீனா வீடுகளைச் சுற்றிவிட்டு இலுப்பைத்துறையில் பாதைக்குக் காத்திருந்தாள். கூடவே ஊர்ப் பெண்கள் மூன்று பேர் நின்றார்கள். பாதை அக்கரையில் நின்றது. அப்போது ஓர் ஆட்டோ சேற்றில் வழுக்கிக்கொண்டு வந்தது. உள்ளே கஜானி. தலைப்பிள்ளை, மாதம் நிறையவில்லை, வலி வந்துவிட்டது. கூடவந்த மாமி சீதேவிப்பிள்ளை ஒரு கையில் பிளாஸ்கும் மறுகையில் துணிப்பையுமாக இருந்தாள். கஜானியின் புருஷன் வினோஜன் கொழும்பில் கட்டட வேலையில் இருந்தான்.

செய்யவேண்டியதை ஊர் மருத்துவிச்சி சுலோஜனா செய்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்து, அக்கரையில், எழுவான்கரைத் துறையில் அம்புலன்ஸ் வந்து நிற்க ஒழுங்கு பண்ணியிருந்தாள். அம்புலன்ஸ் வந்தும் நின்றது. இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அதன் வெள்ளை தெரிந்தது. பாதைதான் வரவில்லை. காற்று எதிர்த்தது, மிதந்து வந்த ஆற்றுவாழைச் செடி கயிற்றில் சிக்கியது, இராசதுரை இழுத்தான், நின்றான், செடியை வெட்டினான், மறுபடி இழுத்தான். நடு ஆற்றில் மண் வள்ளம் டப டபவென்று பாதையைத் தாண்டிப் போனது.

ஒருவழியாகப் பாதை வந்து, கஜானியை ஏற்றிப் பாதி தூரம்கூட வரவில்லை. அவள் பலகையில் சாய்ந்து முழங்காலை மடக்கினாள்.

"மாமி, வருது" என்றாள்.

"பொறு புள்ள, பொறு. கரை வந்திட்டுது" என்றாள் சீதேவிப்பிள்ளை, கரையைப் பார்க்காமலே.

"பொறுக்கச் சொல்ல அது பஸ்ஸா?" என்று பரீனா மூட்டையை அவிழ்த்தாள். இரண்டு சீலையை எடுத்து அந்த மூன்று பெண்களின் கையில் கொடுத்து மறைப்புப் பிடிக்கச் சொன்னாள். "ராசதுரை, இஞ்சால பாக்காத. இழு. செத்தாலும் கயித்த விடாத."

பிள்ளை அவள் கையில்தான் வந்து விழுந்தது. ஆண்பிள்ளை. சின்னது, வழுக்கியது. விற்க வைத்திருந்த மஞ்சள் பிள்ளைத் துணியால் துடைத்தாள், வாயை வழித்தாள், முதுகைத் தேய்த்தாள். முதலில் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். பிறகு ஒரு நல்ல அழுகை. காலை உதறியது. கஜானி தலையைத் தூக்கி, "அழுறான்" என்றாள்.

பரீனாவின் நாக்கு தானாகப் புரண்டது. இந்த ஆற்றின் இரண்டு கரையிலும் பிள்ளை அழுத சத்தம் கேட்டால் பெண்கள் குரவை போடுவார்கள். தமிழ் வீடு, சோனக வீடு என்று அதில் பேதம் இல்லை. மறைப்புப் பிடித்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சீதேவிப்பிள்ளைகூடப் போட்டாள். வாடைக் காற்றைக் கிழித்துக்கொண்டு குரவை அக்கரைக்குப் போனது.

பிள்ளையைத் தாயின் நெஞ்சில் வைத்துப் போர்த்தும்போதுதான் பரீனா கவனித்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு முனகல். நெஞ்சின் நடுக்குழி உள்ளே இழுத்தது. உதடு நாவற்பழம் தின்றதுபோல ஆகிக்கொண்டு வந்தது. இது சீலையால் போர்த்தித் தீர்கிற காரியம் இல்லை. ஒட்சிசன் வேண்டும்.

"நிப்பாட்டுங்கடி!" என்று கத்தினாள். குரவை நின்றது. "ராசதுரை, அம்புலன்ஸ்காரன தண்ணிக்கரைக்கு வரச் சொல்லு, புள்ளைக்கு மூச்சு முட்டுதெண்டு சொல்லு!"

இராசதுரை கூப்பிட்டான். சொல் காற்றில் திரும்பி வந்து அவன் முகத்திலேயே விழுந்தது. போனை எடுத்தான், சிக்னல் கோடு வந்தது, போனது. குரவை காற்றை எதிர்த்துப் போகும். பேச்சு போகாது.

பாதை கரையில் தட்டியபோது அம்புலன்ஸ் இல்லை. சக்கரத் தடத்தில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. இன்னோர் ஆட்டோவைக் கூப்பிட்டு, அது வந்து, ஏறி, பெரிய றோட்டுக்கு வருவதற்குள் மஞ்சள் துணிக்குள் அசைவு நின்றுவிட்டது. பரீனாவுக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரி வாசல்வரை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை, முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

கஜானிக்கு இரத்தம் நிற்கவில்லை என்று உள்ளே கொண்டுபோனார்கள். அவளோடு பரீனாவும் ஓடினாள். அதற்குள் செய்தி கேட்டு மோட்டார் சைக்கிளில் வந்த நல்லரத்தினம் வரவேற்பு மேசைக்குப் போய்விட்டார். பிள்ளை எப்படி என்று கேட்டவர்களுக்கு அவர்தான் பதில் சொன்னார்: "உசிரில்லாமத்தான் பிறந்தது." பக்கத்தில் நின்ற சீதேவிப்பிள்ளை நிலத்தைப் பார்த்தாள். 'இறந்து பிறந்தது' என்று எழுதினார்கள்.

வீட்டுக்கு வந்து, காய்ச்சல் விட்டு, எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகுதான் கஜானிக்கு அது தெரியவந்தது. பிறப்பைப் பதியப் போன வினோஜனைப் பதிவாளர் திருப்பி அனுப்பினார். இறந்து பிறந்த பிள்ளைக்கு வேறு பத்திரம், அதில் பெயர் வராது. கஜானி அந்தக் கடதாசியைக் கையில் வாங்கவில்லை. நேரே சுலோஜனாவிடம் போனாள்.

"மிஸ், அவன் அழுதவன். நான் கேட்டனான். பேரும் வச்சிட்டன், மதுஷன் எண்டு. எனக்குப் புள்ள பிறந்ததெண்டு எழுதித் தாங்க. பிறகு செத்ததெண்டும் எழுதுங்க. ரெண்டும் வேணும்."

சுலோஜனாவின் அறைச் சுவரில் அந்த வருட விளக்கப்படம் தொங்கியது. ஆற்றில் விழுந்த பிள்ளை, கட்டில்லாத கிணற்றில் விழுந்த பிள்ளை, பால் புரைக்கேறிய பிள்ளை என்று கட்டம் கட்டமாக இருந்தது. ஒரு வயதுக்குள் இறந்ததற்கான கட்டம் அந்த மாதம் வெறுமையாக இருந்தது. கூட்டங்களில் அந்த வெறுமையைத்தான் பாராட்டுவார்கள். சுலோஜனா பெருமூச்சு விட்டாள். தாய் ஆட்சேபிக்கிறாள் என்று எழுதி அனுப்பினாள். சுகாதாரப் பணிமனை டொக்டர் விசாரணைக்கு நாள் வைத்தார்.

அந்த நாளுக்கு முன்பு நல்லரத்தினம் இலுப்பைத்துறையில் வீடு வீடாகப் போனார். அதட்டவில்லை, அதற்கு அவசியம் இருக்கவில்லை.

"பாதையில புள்ள செத்ததெண்டு எழுதினா முதல்ல பாதையத்தான் நிப்பாட்டுவாங்கள். விசாரணை முடியுமட்டும் ஓடாது. உங்கட புள்ளயள் பள்ளிக்கு நீந்தியே போறது? பால் எப்படிப் போகும்?"

அதில் பொய் இல்லை. அதுதான் கசப்பு. ஆற்றைச் சுற்றி வந்தால் காட்டுப் பாதை, யானை. பாதை நின்றால் ஊரே நின்றுபோகும். மறைப்புப் பிடித்த மூன்று பெண்களுக்கும் பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் இருந்தன. சீதேவிப்பிள்ளைக்குக் கறக்கிற மாடுகள் இருந்தன. "செத்தது போயிட்டு. இருக்கிறதுகள் ஆறு கடக்க வேணும்" என்று அவள் மருமகளிடம் சொன்னாள். அதன்பிறகு அந்த வீட்டில் இருவரும் ஒரு பாயில் இருந்து சாப்பிடவில்லை.

பரீனாவை அவர் துறையில் மறித்தார்.

"றாத்தா, நீங்க யாவாரத்துக்கு வாறவங்க. எங்கட ஊர்ச் சோலி உங்களுக்கு எதுக்கு?"

"என்ட கையில வந்து விழுந்த புள்ள, தலைவர். அது ஒங்கட ஊரா என்ட ஊரா எண்டு கேட்டிட்டு விழல்ல."

"சரி. அம்புலன்ஸ் ஏன் போனதெண்டு தெரியுமா?"

அந்தக் கேள்வி பரீனாவை நெடுக அரித்துக்கொண்டிருந்தது.

"துறையில நிண்ட சனம் கொரவ கேட்டிருக்கு. 'சுகப்பிரசவம் ஆகிட்டு, கொரவ போடுறாங்க, நீங்க போங்க' எண்டு அதுகள் சொல்லியிருக்கு. பாம்பு கடிச்ச ஒருத்தர ஏத்தச் சொல்லி வேற பக்கத்தால போன் வந்ததாம். திருப்பிக்கொண்டு போயிட்டான்." நல்லரத்தினம் குரலைத் தாழ்த்தினார். "புள்ள உசிரோட பிறந்ததெண்டா அம்புலன்சத் துரத்தினது யாரு? கொரவயத் தொடங்கினது யாரு? யோசிச்சுப் பாருங்க. உசிரில்லாமப் பிறந்ததெண்டா ஒருத்தருக்கும் பழியில்ல. உங்களுக்கும் இல்ல."

அன்று பரீனா மூட்டையை அவிழ்க்கவே இல்லை. துறையில் கிடந்த கவிழ்த்த தோணியில் இருந்தாள். தன்னுடைய வாயிலிருந்து வந்த சத்தம் எந்த வழியால் போய் எந்தக் காதில் ஏறி எந்த வண்டியைத் திருப்பியது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. பிறகு வேறு பக்கத்தாலும் பார்த்தாள். இயந்திரம் இருந்திருந்தால் பிள்ளை கரையில் பிறந்திருக்கும், அம்புலன்சுக்குள் பிறந்திருக்கும். அந்தக் கணக்கும் சரியாகத்தான் இருந்தது. ஒன்று மற்றதை அழிக்கவில்லை. எழும்பி வீட்டுக்குப் போனாள்.

"வேணாம் உம்மா" என்றாள் றுக்ஷானா. "ஒங்கட கொரவயாலதான் புள்ள மவுத்தாகினெண்டு ஊரெல்லாம் கதைக்கும்."

"கதைக்கட்டும். அது பொய்யெண்டா எனக்குக் கோவம் வரும்."

விசாரணை அறையில் கதிரைகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். டொக்டர் இளவயதுக்காரர், மரியாதையானவர், எல்லோருக்கும் தேத்தண்ணீர் கொடுக்கச் சொன்னார். கஜானி கதவோரம் இருந்தாள். அந்த மூன்று பெண்களும் ஒருவர் பின் ஒருவராக, சத்தம் ஒன்றும் கேட்கவில்லை, மழை, காற்று என்றார்கள். இராசதுரை, தான் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு கயிறு இழுத்ததாகச் சொன்னான். அது உண்மைதான். அழுகை காதில் விழுந்ததா என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. சீதேவிப்பிள்ளை தேத்தண்ணீரைக் குடிக்காமல் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு நினைவில்ல ஐயா" என்றாள்.

"நீங்க?" என்று டொக்டர் பரீனாவிடம் திரும்பினார்.

"அழுதது. ரெண்டு தரம். காலை உதறினது. பிறகு மூச்சு முனகினது, நெஞ்சுக்குழி இழுத்தது, உதடு கறுத்தது. றோட்டுக்கு வரக்குள்ள என்ட மடியில முடிஞ்சிட்டு."

"மத்தவங்க கேக்கல்லயாமே."

"அப்ப கொரவ ஏன் போட்டாங்களாம்? செத்துப் பிறந்த புள்ளைக்கு யாரும் கொரவ போடுறல்ல டொக்டர். இந்த ஆத்துக்கு ரெண்டு கரையிலயும் கேட்டுப் பாருங்க. துறையில நிண்ட சனமெல்லாம் கேட்டிரிக்கி. கேட்டுத்தானே அம்புலன்ஸத் திருப்பி அனுப்பின?"

நல்லரத்தினம் மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்தார்.

"குரவையத் தொடங்கினது யார்?" என்றார் டொக்டர்.

"நான். புள்ள அழுதது, போட்டன். அது கேட்டு வண்டி போனது. ரெண்டையும் எழுதுங்க. அதோட பாதைர மெசின் மண் வள்ளத்தில ஓடினதையும் எழுதுங்க."

டொக்டர் எழுதினார். பேனை இரண்டு வரி ஓடியது. மூன்றாவதற்கு நின்றது.

"பாதை எங்கட திணைக்களத்துக்குரிய விஷயமில்லயே அம்மா. நாங்க சுகாதாரக் காரணத்தத்தான் எழுதலாம்."

"மெசின் இல்லாததால மூச்சுப் போனது சுகாதாரமில்லயா?"

தேத்தண்ணீர் ஆறுகிறது என்றார் டொக்டர்.

அறிக்கை வந்தது. பிள்ளை உயிருடன் பிறந்தது, சிறிது நேரத்தில் இறந்தது. தாமதத்துக்கான காரணம்: பயணிகள் இட்ட குரவையால் ஏற்பட்ட தவறான தகவல். பரிந்துரை: பொதுமக்களுக்கு விழிப்பூட்டல். சுலோஜனா தன் சுவரில் வெறுமையாக இருந்த கட்டத்தில் ஒன்று என்று எழுதினாள். பாதை ஒரு நாளும் நிற்கவில்லை. இயந்திரமும் வரவில்லை. வந்தது ஒரு பலகை. வெள்ளையில் சிவப்பு எழுத்தில், 'பாதையில் பயணிக்கும்போது குரவையிடுவது தடை.' அதை நல்லரத்தினம் தன் சங்கத்தின் பெயரில், தன் கையாலேயே துறையில் நட்டார். படமும் எடுத்தார்கள்.

பரீனாவின் வாடிக்கை பாதியாகிவிட்டது. கர்ப்பிணி இருக்கிற வீடுகளில் நாய் குரைத்தாலும் ஆள் வெளியே வராது. வருகிறவர்களும் சீலையைப் பார்த்தார்கள், அவளைப் பார்க்கவில்லை. பரவாயில்லை என்று மற்ற ஒழுங்கையால் போனாள்.

கஜானி ஒருநாள் அவளைக் கூப்பிட்டாள். முற்றத்து மாமரத்துக்குக் கீழே இருந்தாள். பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டு பத்திரம். ஒன்றில் பிறப்பு, ஒன்றில் இறப்பு. இரண்டிலும் மதுஷன் என்று பெயர்.

"வந்திட்டு றாத்தா."

"பாத்தன் புள்ள. நல்லம்."

கஜானி உறையை மடியில் வைத்து நீவினாள். பிறகு தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"நீங்க கொரவ போடாம இருந்திருந்தா?"

பரீனாவுக்கு ஆறுதல் சொல்லத் தெரியும். குவைத்துக் கிழவிக்கு எத்தனை பொய் சொல்லியிருப்பாள். இந்தப் பெண்ணுக்கு வாயில் வரவில்லை. உண்மையைச் சொல்லத்தானே எல்லோருக்கும் எதிராக அந்தக் கதிரையில் இருந்தாள்.

"வண்டி நிண்டிரிக்கும்" என்றாள். "புள்ள தப்பியிரிக்குமா எண்டு தெரியா. ஆனா வண்டி நிண்டிரிக்கும்."

கஜானி எழும்பி உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் மஞ்சள் பிள்ளைத் துணி, தோய்த்து மடித்து இருந்தது.

"இது உங்கட."

"அது மகனுக்குச் சுத்தின. நீ வை."

"வேணாம் றாத்தா. நீங்க கொண்டு போங்க."

பரீனா வாங்கிக்கொண்டாள். மூட்டைக்குள் வைத்தால் விற்கிற துணிகளோடு கலந்துவிடும். கைப்பையில் வைத்தாள். கஜானி வேலிப் படலையைச் சாத்தவில்லை. போகிறவளைப் பார்த்துக்கொண்டும் நிற்கவில்லை.

துறையில் பாதை அப்போதுதான் அக்கரையிலிருந்து வந்து தட்டியது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் பச்சைப் பிள்ளையோடு இறங்கினாள். கூட்டிப்போக வந்து நின்றவர்களில் ஒருத்தி வாயைத் திறந்தாள், நாக்கைப் புரட்டப் போனவள் பலகையைக் கண்டாள். பிறகு பரீனாவைக் கண்டாள். வாயை மூடிக்கொண்டு பிள்ளையின் தலைத்துணியைச் சரிசெய்தாள். எல்லோரும் ஒரு வார்த்தை இல்லாமல், சாவு வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பரீனா ஏறினாள். நடு ஆற்றில் மண் வள்ளம் ஓடியது. இராசதுரை மூட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவனுடைய உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது, துணியில் கசிவு தெரிந்தது.

"தள்ளி நில்லுடா" என்றாள் அவள். மூட்டையைப் பலகையில் போட்டுவிட்டு, சீலைத் தலைப்பை இடுப்பில் செருகி, அவனுக்கு முன்னால் நின்று கயிற்றைப் பிடித்தாள். "இழு. காத்து ஏறுது."